ஞாயிறும் சேர்த்துத்தான்

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். பாதி சாலைகளை அடைத்துவிட்டார்கள். ஆலயத்துக்குப் போய்ச் சேருவதற்குள் முதல் கீதம் முடிந்து, அறிக்கை ஜெபமும் முடிந்துவிட்டது. வழியில் தண்ணீர்ப் பந்தலைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் ஸ்ரீகரன் காடியை ஓரங்கட்டி, இறங்கி, இரண்டு டம்ளர் மோர் குடித்தார். ஆராதனைக்குத்தான் நேரமில்லை, மோருக்கு உண்டு.

நேற்றுப் பார்த்த படத்துக்கு இன்னும் விளக்குப் போடவில்லை. மடலுக்கு நாளைக்குள் கொடுத்தாக வேண்டும். சபை மடலில் மாதம் ஒரு பக்கம், 'பார்த்தேன், யோசித்தேன்' என்று எழுத ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. ஐந்துக்கு இத்தனை என்று விளக்குப் படம் போடுவேன். நட்சத்திரம் போடச் சொன்னார்கள். வேதத்தில் புத்தியுள்ள கன்னிகைகள் ஐந்து பேர் கையில் விளக்குத்தானே இருந்தது, நட்சத்திரமா இருந்தது என்று கேட்டேன். அடங்கிவிட்டார்கள்.

படம் என்ன படம்? கதாநாயகன் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேரே துறைமுகத்துக்குப் போய் ஒரு லாரி ஆட்களைக் கொன்று போடுகிறான். சாகிற அடியாள் ஒருவன் வீட்டுக்குப் போன் போடுகிறான். கதாநாயகன் அந்தப் போனை மிதித்து உடைக்கிறான். தியேட்டரே கைதட்டியது. எனக்கு மட்டும் அந்தப் போனின் மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் நினைவாகவே இருந்தது. ஒரு படம் யாருக்காக நம்மை இரங்கச் சொல்கிறது, யாருக்காக இரங்காதே என்கிறது — நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ரத்தம் வந்ததா, முத்தம் வந்ததா என்பதெல்லாம் அப்புறம்.

இரண்டு விளக்கு. அதில் ஒன்று அந்த அடியாளாக நடித்தவருக்கு.

"படம்னா பார்த்துட்டு வரணும். நீ போஸ்ட்மார்ட்டம் பண்ற" என்றார் ஸ்ரீகரன்.

தம்பி தயாளன் கோலாலம்பூரிலிருந்து பேசினான். அவனுடைய முதல் படம் முடிந்துவிட்டது. பெயர் 'மூணாம் ஷிப்ட்'. இங்கே பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் நடக்கிற கதையாம். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வெளியாகும் என்றான். பதினைந்து வயது இளையவன். நான்தான் அவனைத் தியேட்டருக்குக் கூட்டிப் போவேன். சண்டையோ கட்டிப்பிடிப்போ வந்தால் என் கை தானாகப் போய் அவன் கண்ணைப் பொத்திவிடும். அப்படிப் பாதிப் படம் பார்த்து வளர்ந்தவன் இன்று முழுப் படம் எடுத்திருக்கிறான்!

பிப்ரவரி 4, புதன்

கடையில் கூட்டமில்லை. சீனப் புத்தாண்டு வருகிறது, எல்லோரும் துணி வாங்கப் போயிருப்பார்கள், மூக்குக் கண்ணாடி யார் வாங்குவார்? நானும் என்னோடு வேலை பார்க்கிற நோர்மாவும் காட்சிப் பெட்டியைத் துடைத்தபடி பேசிக்கொண்டிருந்தோம். இந்த வருடம் அவளுடைய நோன்பு மாதமும் ஈஸ்டருக்கு முந்தின எங்கள் லெந்து நோன்புக் காலமும் ஒன்றாக ஆரம்பிக்கின்றன.

"நீ எதை விடப் போகிறாய்?" என்று மலாயில் கேட்டாள்.

போன வருடம் இனிப்பை விட்டேன். ஈஸ்டர் வரைக்கும் ஸ்ரீகரன் என்னிடம் வாயைக் கொடுக்காமல் ஒதுங்கியே இருந்தார். அதற்கு முந்தின வருடம் கருவாடு, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. வலிக்காத ஒன்றை விட்டுவிட்டு நோன்பு என்று சொன்னால் யாரை ஏமாற்றுகிறேன்? எனக்கு வலிக்கும் என்றால் ஒன்றுதான்.

சினிமா.

பிப்ரவரி 8, ஞாயிறு

செய்துவிட்டேன். எனக்கு மட்டும் இல்லை, மொத்தச் சபைக்கும்.

'திரை நோன்பு' என்று பெயர் வைத்தேன். லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை தியேட்டர் இல்லை, போனிலும் படம் இல்லை. ஆராதனை முடிந்ததும் மைக்கைப் பிடித்து விளக்கினேன். ஒரு வருடமாக நாம் பார்த்ததையெல்லாம் அசைபோட்டுப் பார்க்க இது ஒரு நேரம், படத்தின் மேல் கோபம் இல்லை, இப்படியெல்லாம் நன்றாகவே பேசினேன். 'லெந்து நாட்களில் படம் பார்க்க மாட்டேன்' என்ற உறுதி அட்டையை நீட்டியதும் ஏறக்குறைய எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள்.

பின்வரிசையிலிருந்து அய்யாக்கண்ணு அண்ணே கையைத் தூக்கினார். எங்கள் ஒலிபெருக்கி அவர் பொறுப்பு. எந்தத் தமிழ்ப் படம் வந்தாலும் முதல் நாள் முதல் காட்சியில் இருப்பவர்.

"ராகினி, ஒரு டவுட். லெந்துல ஞாயித்துக்கெழம கணக்குல சேராதுன்னு சின்ன வயசுல படிச்சேனே. ஞாயிறு மட்டும் போலாம்ல?"

"அண்ணே, ஞாயிறும் சேர்த்துத்தான்! நம்ம வசதிக்கு ஓட்ட போட்டுக்கிட்டா அது நோன்பா?"

சபையே சிரித்தது. போதகர் குணநாயகம் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். என்னவாக இருக்கும்? கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் யாரோ தேநீர் கொண்டுவந்தார்கள்.

பிப்ரவரி 12, வியாழன்

வாட்ஸ்அப்பில் திரை நோன்புப் போஸ்டர் போட்டேன். கீழே என் பெயர். புக்கிட் மெர்தாஜாம் தமிழ்ச் சபையும் பட்டர்வொர்த் சபையும் நாங்களும் சேர்கிறோம் என்கின்றன!

பிப்ரவரி 15, ஞாயிறு

பினாங்குப் பாலம் தாண்டிப் புக்கிட் மெர்தாஜாமில் போய்ப் பேசிவிட்டு வந்தேன். தமிழ்ப் படங்களில் கிறிஸ்தவன் வந்தால் ஏன் ஒன்று குடிகாரனாக இருக்கிறான், இல்லை கிட்டாரோடு வருகிறான் என்று ஆரம்பித்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அட்டைகள் போதாமல் வெள்ளைத்தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார்கள்.

திரும்பும்போது ஸ்ரீகரன், "கைதட்டலுக்கு எத்தன வெளக்கு?" என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஐந்தும் போட்டிருப்பேன்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

வெளியே சீனப் புத்தாண்டு வெடிச் சத்தம். உள்ளே நாங்கள் தலையில் சாம்பலோடு.

போன வருடத்துக் குருத்தோலைகளை எரித்துத்தான் சாம்பல் எடுப்போம். அதோடு பழைய சினிமா டிக்கெட்டுகளையும் போட்டு எரிக்கலாம் என்று நான் சொல்லியிருந்தேன். டிக்கெட் இப்போது யாரிடம் இருக்கிறது, எல்லாம் போனுக்குள் அல்லவா? அய்யாக்கண்ணு அண்ணே மட்டும் ஒரு மைலோ டின் நிறையக் கொண்டுவந்திருந்தார். அத்தனையும் தேதிவாரியாக ரப்பர் போட்டுக் கட்டியது. ஒரே ஒரு கட்டை எடுத்துப் போட்டார், டின்னை மறுபடியும் மூடிக்கொண்டார்.

"கண்ணு கலங்குதே அண்ணே?"

"பொகைம்மா" என்றார்.

போதகர் டிக்கெட் சாம்பலை நெற்றியில் இடவில்லை. நைஸாக ஓரம் தள்ளிவிட்டார். நல்லதுதான். ஏதோ பிளாஸ்டிக் நாற்றம்.

பிப்ரவரி 23, திங்கள்

படமில்லாத மாலைகள் நீளமாக இருக்கின்றன. ஸ்ரீகரன் பாத்திரம் கழுவும்போது பாடுவார் என்பதை இத்தனை வருடம் கழித்துக் கண்டுபிடித்தேன். சுருதி சேராது. ஆனாலும் கேட்கலாம்.

அய்யாக்கண்ணு அண்ணே போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துப் படத்தின் வசனத்தை மட்டும் கேட்கிறாராம். "பாக்கலம்மா, கேக்கறேன்." அதுவும் கூடாது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கொஞ்சம் பாவமாக இருந்தது.

பிப்ரவரி 27, வெள்ளி

தயாளன் கூப்பிட்டான். மூச்சு வாங்கப் பேசினான்.

"அக்கா, டேட் மாறிடுச்சு! பெரிய படம் ஒன்னு தள்ளிப் போச்சாம். அந்த இடத்துல நம்மளப் போடறாங்க. மார்ச் பன்னெண்டு."

மார்ச் பன்னிரண்டு. நோன்பின் நட்டநடு.

அவன் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான். பினாங்குத் தீவில் ஒரே ஒரு தியேட்டர்தான் கிடைத்திருக்கிறது. வியாழன் முதல் ஞாயிறு வரை கூட்டத்தைப் பார்ப்பார்கள். நாற்காலி காலியாகக் கிடந்தால் அந்த வாரத்தோடு தூக்கிவிடுவார்கள். இது நோன்பு மாதம், மலாய்க்காரர்கள் வர மாட்டார்கள், தமிழர்கள் வந்தால்தான் உண்டு.

"நம்ம சபை, புக்கிட் மெர்தாஜாம் சபை, பட்டர்வொர்த் — இந்த மூணு எடத்துல இருந்து வந்தாலே போதும்க்கா. நீங்க ஒரு வார்த்த சொன்னா வந்துருவாங்க. நீங்க சொல்றதத்தான் கேப்பாங்க."

ஆமாம். நான் சொல்வதைத்தான் கேட்பார்கள்.

"லைன் சரியில்லடா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. லெந்தில் பொய் வேறு.

பிப்ரவரி 28, சனி

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 2, திங்கள்

யாரோ அவனுக்குத் திரை நோன்புப் போஸ்டரை அனுப்பிவிட்டார்கள்.

"அக்கா, என்ன இது?"

"லெந்துக்குடா. நீ பெருநாளுக்கு அப்புறம்னு சொன்னியே, அத வெச்சு —"

"கீழ உங்க பேரு."

"ஆமா."

கீழே இருந்த என் பெயரை ஒரு முறை வாசித்தான். பிறகு சிரித்தான். "எந்தப் படம் எதிர்ல வரும், எது நம்மள அடிக்கும்னு எல்லாத்தையும் யோசிச்சேன்க்கா. உங்கள யோசிக்கல."

அவன் சிரிக்காமல் திட்டியிருந்தால் தேவலை.

"மத்தவங்கள விடுங்க. நீங்க வருவீங்கல்ல?"

"ஈஸ்டர் முடிஞ்சதும் மொத வேலையா —"

"ஈஸ்டர் வரைக்கும் அது இருக்காதுக்கா. நாலு வருஷம். ஒரு ரெண்டு மணி நேரம் வர முடியாதா உங்களால?"

வைத்துவிட்டான்.

நான் என்ன செய்யட்டும்? ஊரைக் கூட்டி மைக் போட்டுச் சொன்னேனே — ஒருத்தர் பாக்கியில்லாம எல்லார் முன்னாடியும் சொன்னேனே! இப்ப தம்பி படம்னதும் வாங்க போலாம்னா என்ன அர்த்தம்? அண்ணே போன்ல வசனம் கேட்டதுக்கே கூடாதுன்னவ நான். சாமி கேட்டாரா இந்த நோன்ப? அவர் கேக்கல. நான்தான் கொண்டு போய்க் கொடுத்தேன். கொடுத்தத திரும்ப வாங்கறதா? அவன் அழுதிருப்பானோ? அழற மாதிரித்தான் இருந்தது குரல்.

மார்ச் 4, புதன்

மதியம் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நோர்மா, "நீ எப்போது எங்கள் நோன்புக்கு மாறினாய்?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவளுக்கு என் வாக்கு விளங்கியது. தம்பியின் கோபமும் விளங்கியது. ஒன்றைத்தான் கேட்டாள். "உன் தம்பி, நீ அவன் படத்தை வெறுத்து ஒதுக்குகிறாய் என்று நினைக்கிறானோ? எனக்குப் பகலெல்லாம் தாகம். தண்ணீர் கண் முன்னால் இருக்கிறது, தொட மாட்டேன். அதற்காகத் தண்ணீர் மேல் எனக்குக் கோபமா என்ன?"

சொல்லிவிட்டு ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடிச் சட்டம் எடுத்துக் காட்டப் போய்விட்டாள்.

மார்ச் 6, வெள்ளி

காலையில் ஸ்ரீகரனோடு சண்டை. "போய்ப் பாத்துட்டு வா, கடவுள் ஒன்னும் கோவிச்சுக்க மாட்டார்" என்றார். முடியாது என்றேன்.

"பிடிவாதத்துக்கு பக்தின்னு பேரு வெக்காத, ராகினி."

சுருக்கென்றது. அவர் வேலைக்குப் போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இது பக்தியா, பிடிவாதமா? ஊர் என்ன சொல்லும் என்ற பயமா? மூன்றும் ஒரே தட்டில் கலந்து கிடக்கின்றன, எதைத் தனியாக எடுப்பது?

மார்ச் 7, சனி

போதகர் குணநாயகத்தைப் பார்க்கப் போனேன். ஆலயத்தில் நாளைக்கு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் அடுக்கியபடியே சொல்லி முடித்தேன்.

"அய்யாக்கண்ணு சொன்னது சரிதாம்மா" என்றார். "ஞாயிறு உயிர்த்தெழுதலோட நாள். லெந்துக்குள்ள வந்தாலும் அது நோன்பு நாள் ஆகாது. அட்டையில 'லெந்து நாட்கள்'னுதானே இருக்கு? ஞாயிறு அதுல சேராது. அதுலயும் மார்ச் பதினஞ்சு நாலாவது ஞாயிறு. அதுக்கு மகிழ்ச்சி ஞாயிறுன்னே பேரு."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாஸ்டர்!"

"சொல்லத்தான் வந்தேன். மைக் உங்க கையில இருந்துச்சு."

காது வரைக்கும் சூடு ஏறியது எனக்கு. இருந்தாலும் கேட்டேன். "என் தம்பி படம்னதும் நான் ஓட்டை தேடறேனோ?"

"ஓட்டை இல்லம்மா. கதவு. மொதல்ல இருந்தே அங்கதான் இருக்கு. நீங்க சாத்தி வெச்சீங்க, அவ்வளவுதான்."

மார்ச் 8, ஞாயிறு

மைக்கைப் பிடித்தேன். சின்ன மைக்தான், இன்று கல் மாதிரி கனத்தது.

ஞாயிறு நோன்பில் சேராது, சேரும் என்று நான் சொன்னது என் பாட்டுக்குச் சொன்னது, அய்யாக்கண்ணு அண்ணே சொன்னதுதான் சரி என்றேன். அடுத்த ஞாயிறு என் தம்பியின் படம் ஓடும் என்றும் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? "தம்பி படம்னு பாராட்ட வேணாம். பிடிக்கலன்னா பிடிக்கலன்னே சொல்லுங்க. ஆனா வந்து பாருங்க."

அண்ணே எழுந்தே நின்றுவிட்டார். "மூணு ஞாயிறு போச்சே ராகினி! மூணு ஞாயிறு!"

"இன்னைக்கு மிச்சம் இருக்குண்ணே."

"அப்ப சாப்பாட்டுக்கு நிக்கல, நான் கெளம்பறேன்" என்று உண்மையிலேயே கிளம்பிவிட்டார்.

என் விஷயம் வேறு. மற்றவர்கள் அட்டையில் எழுதியதற்குத்தான் கட்டுப்பட்டவர்கள். நான் ஞாயிறையும் சேர்த்து என் வாயால் கொடுத்தேன். தப்பான கணக்கில் கொடுத்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான். நேற்று முழுவதும் யோசித்துப் பார்த்தேன். ஊருக்குப் பயந்தா? ஊர்தான் இப்போது போ போ என்கிறதே. அப்படியும் மனசு 'இரு' என்றால், அதில் பாதியாவது பக்தியாக இருக்கட்டும்.

தயாளனுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். கட்டை விரல் படம் ஒன்று வந்தது. நான் உள்ளே வர மாட்டேன் என்று எழுதியதற்கு அதுவும் இல்லை.

மார்ச் 12, வியாழன்

படம் வெளியாகிவிட்டது. மாலை வேலை முடிந்து அந்தத் தியேட்டர் இருக்கிற மால் வழியாகத்தான் வந்தேன். போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன் — போஸ்டர் பார்க்கலாம்தானே? தியேட்டர் பையனிடம் கூட்டம் எப்படி என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினான்.

மார்ச் 14, சனி

நேற்றும் இன்றும் பாதி நாற்காலிகூட நிரம்பவில்லை என்று தயாளன் ஸ்ரீகரனிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் பேசவில்லை. நாளை மட்டும்தான் பாக்கி.

மார்ச் 15, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது!

ஆராதனை முடிந்ததும் ஊர்வலம் மாதிரிப் போனோம். பட்டர்வொர்த்காரர்கள் ஃபெரிப் படகில் வந்து இறங்கினார்கள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து இரண்டு வேன். ஆலய உடுப்போடு, சேலையும் வேதாகமப் பையுமாக ஒரு கூட்டம் சோளப்பொரி வரிசையில் நின்றதை அந்த மால் பார்த்திருக்காது. போதகரும் வந்தார், கழுத்துப் பட்டையைக் கழற்றி ஜேபியில் வைத்துக்கொண்டு.

நான் கதவுக்கு வெளியே நீளப் பெஞ்சில் உட்கார்ந்தேன். உடனே எல்லோருக்கும் நான் வசதியாகிவிட்டேன். பை, குடை, மீதமான கேக் என்று ஒவ்வொன்றாக என்னிடம் வந்து சேர்ந்தன. ஒரு பெண், தூங்குகிற குழந்தையையே மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கதவு மூடியது.

கொஞ்ச நேரத்தில் தயாளன் வந்தான். இளைத்திருந்தான். என்னையும் பைகளையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நெஜமாவே வெளியதான் உக்காந்திருக்கீங்களா?"

"ஆமாடா."

"கதவு இங்கதான் இருக்குக்கா. எழுந்து ரெண்டு எட்டு வெக்கணும், அவ்வளவுதான்."

"தெரியும்."

"என் மேல கோவமா? இந்த மாதிரி வேல எனக்கு வேணாம்னு நெனைக்கிறீங்களா?"

அடப்பாவி, இதைத்தான் இத்தனை நாள் மனதில் வைத்திருந்தானா! நோர்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

"எங்க கடை நோர்மாவுக்கு இப்ப எவ்வளவு தாகமா இருக்கும் தெரியுமா? தண்ணிய வெறுத்தா குடிக்காம இருக்கா? ஈஸ்டர் வரைக்கும் நான் விட்டது எனக்கு ரொம்பப் பிடிச்சதடா. பிடிக்காததையா சாமிக்குக் கொடுப்பேன்? அதுல ரொம்ப ரொம்பப் பிடிச்சது உள்ள ஓடிக்கிட்டிருக்கு."

இரண்டு பைகளை நகர்த்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுடைய முழங்கால் நடுங்கிக்கொண்டே இருந்தது.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. "இது எந்த இடம் தெரியுமா —"

"சொல்லாத!"

"சரி, சரி."

அப்புறம் படத்துக்குப் பதிலாக அவன் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு சத்தத்தையும் முன்கூட்டியே எதிர்பார்த்துக் கண்ணை மூடுவான். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் வந்தால் முழங்கால் நிற்கும், வராவிட்டால் மறுபடியும் ஆடும். அய்யாக்கண்ணு அண்ணேயின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது. கடைசியில் வெகு நேரம் ஒரு சத்தமும் இல்லை. தயாளன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் முழங்கால் ஒரேயடியாக நின்றது.

கதவு திறந்தது. வெளியே வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். சிரித்தபடி ஒவ்வொருவராக ஒரு கையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்து, விரல் இடுக்கு வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள்! போதகர்கூட! அவர் கண் சிவந்திருந்தது.

"என்னடா எடுத்து வெச்சிருக்கே?" என்று தயாளனைக் கேட்டேன்.

"சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க!"

"ஞாயிறும் சேர்த்துத்தான் லா" என்றார் அண்ணே. பழி வாங்கிவிட்டார் மனுஷர். கண்ணைத் துடைத்துக்கொண்டே வாங்கினார். இந்த முறை புகை எதுவும் இல்லை.

மார்ச் 16, திங்கள்

தூக்கவில்லை! இரண்டாவது வாரம் உண்டு. அறை மட்டும் சின்னது. தயாளன் போனில் கத்தியதில் கடைக்கு வந்திருந்த சீனப் பாட்டி பயந்து எழுத்துப் பலகையைத் தப்பாகப் படித்தார்.

மார்ச் 18, புதன்

மடலுக்கு என்ன எழுதுவது? 'மூணாம் ஷிப்ட்' பற்றி நீதான் எழுத வேண்டும் என்கிறார்கள். பார்க்காத படத்துக்கு எப்படி விமர்சனம் எழுதுவது? யோசித்து, இதை அனுப்பினேன்:

'நான் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களைப் பார்த்தேன். மரத்தைக் கனியால் அறியலாம் என்கிறது வேதம்; மரம் கதவுக்குள் இருந்தது, கனி வெளியே வந்தது. வழக்கமாகப் படம் முடிந்து கதவு திறந்ததும் எல்லோர் கையிலும் போன் முளைக்கும். அன்று கொஞ்ச தூரம் வரைக்கும் முளைக்கவில்லை. மூன்று வருடமாக ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பேர் நம் சபையில் உண்டு, யாரென்று உங்களுக்கே தெரியும். அதில் ஒருவர் மற்றவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசவில்லை, கதவைத்தான் பிடித்தார். ஒரு படம் நல்லதா என்று திரையில் மட்டும் தேடாமல், அது நம்மை எந்த முகத்தோடு வெளியே அனுப்புகிறது என்றும் பார்க்கலாம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. விளக்கு பிறகு. என்னிடம் எண்ணெய் இருக்கிறது, இன்னும் ஏற்றவில்லை.'

மார்ச் 25, புதன்

பெருநாள் விடுமுறை முடிந்து நோர்மா வந்தாள். ஒரு டப்பா நிறையப் பலகாரம். பெருநாளுக்கு மறுநாள் அக்காமார், பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போனாளாம். மலாய் எழுத்து கீழே ஓடுகிறதாம். அவளுடைய பெரியக்காவின் கணவர் அதே மாக் மண்டினில்தான் வேலை பார்க்கிறார், அவர் விசும்பி விசும்பி அழுதாராம்.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இவளும் கையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடிக்கிறாள்!

எனக்கு ஓரளவு புரிகிறது. புரியாத மாதிரியே இருக்கிறேன். அதுவும் நோன்பில் சேர்ந்ததுதானே?

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

நாளுக்கு ஒரே ஒரு காட்சிக்குச் சுருங்கிவிட்டது. வியாழக்கிழமை புதுப் பட்டியல் வரும். இன்னும் ஒரு வாரம் தாங்குமா? ஆண்டவரே, இது சின்ன ஜெபம்தான், பெரிய ஜெபங்களுக்கு நடுவில் எங்காவது செருகிக்கொள்ளும்.

ஏப்ரல் 2, வியாழன்

இருக்கிறது! ஞாயிறு பகல் பன்னிரண்டரை. அதுதான் கடைசிக் காட்சி.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம். மூன்று மணிக்கு மணி அடிக்கவில்லை, விளக்கு இல்லை.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

விடியுமுன் ஆராதனை. தயாளன் நேற்றே வந்துவிட்டான். பழைய பழக்கம்போலப் பிந்தி எழுந்து, பாதித் தூக்கத்தில் வந்து, கீதத்தை மட்டும் சத்தமாகப் பாடினான். காலைச் சாப்பாடு முடிந்ததும் நானும் அவனும் மட்டும் தியேட்டருக்குப் போனோம். ஸ்ரீகரன் வரவில்லை. "நான் ரெண்டு வாட்டி பாத்துட்டேன், நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றார். எனக்குச் சொல்லாமல் இரண்டாவது முறை எப்போது போனார்?

பெரிய கூட்டமில்லை. எங்களுக்கு முன்னால் தொழிற்சாலைச் சட்டையோடு நேப்பாளிகள் சிலர். விளக்கு அணைந்தது.

படம் இதுதான். தொழிற்சாலையில் பொருளைச் சோதித்து அனுப்புகிற ஒருவன், தான் பார்க்கத் தவறியதை இன்னொருவன் தலையில் கட்டிவிடுகிறான். அந்த இன்னொருவனுக்கு வேலை போகிறது. இவன் ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிந்து அவன் வீட்டு வாசல் வரை போகிறான், சொல்ல முடியாமல் திரும்பி வருகிறான். ஒரு நாள் சொல்லிவிடுகிறான். மற்றவன் திட்டவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. உள்ளே போய் ஒரு கோப்பி கலக்கிக்கொண்டு வந்து இவன் முன்னால் வைக்கிறான். அந்த ஞாயிறு நான் வெளியே கேட்ட நீண்ட அமைதி இந்தக் கோப்பிதான்.

நடுவில் அந்த இடம் வந்தது. ஷிப்ட் இடைவேளையில் கூட்டாளிகள் சினிமா பேசுகிறார்கள். இவன் சொல்கிறான்: "நான் பாத்த படம் பூரா எங்கக்கா வெரல் இடுக்குல பாத்ததுதான். மறைச்ச பாதிக்கு நானே கத கட்டிக்குவேன். வீட்டுக்கு வந்து பாத்தா, நான் கட்டுன பாதிதான் நல்லா இருக்கும்."

திரையில் ஒரு சின்னப் பையன். அவன் கண்ணின் மேல் வளையல் போட்ட ஒரு கை.

அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். முன்னாலிருந்த நேப்பாளி ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுக் காகிதக் கைக்குட்டை நீட்டினார்.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மழைக் காட்சி ஆரம்பித்தது. திடீரென்று இருட்டு. தயாளனின் உள்ளங்கை என் கண்ணின் மேல் இருந்தது.

"என்னடா!"

"இது மட்டும் பாக்காதீங்கக்கா. மழ மிஷின் கெட்டுப் போச்சு. சரியா வரல."

கையை எடுக்கவே இல்லை, காட்சி முடிகிற வரைக்கும்.

வெளியே வந்து அதே நீளப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவனுடைய முழங்கால் ஆட ஆரம்பித்தது.

"எத்தன வெளக்குக்கா? உண்மையச் சொல்லுங்க."

"நாலு."

"நாலா!" அவன் முகம் எப்படி மலர்ந்தது! உடனே, "ஒன்னு ஏன் கொறைஞ்சுது?" என்றான். கலைஞன் புத்தி.

"மழைக்கு."

"அதத்தான் மூடிட்டேனே!"

"உன் வெரலும் என் வெரல் மாதிரிதான்டா, தயாளா. இடுக்கு இருக்கு."